சிவப்புச் சிலந்தியும் பங்களாக் குழாயும்

கண்ணாடி வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியவன் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆடி மாதம், நடுப்பகல். பசறை மலைகளைக் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று துடைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. நான் பூந்தொட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து, வேர்வை மூக்கு நுனியில் சொட்ட, அடுப்பை விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே போனவர்கள் நான் ஏதோ பலகாரம் சுடுகிறேன் என்று நினைத்தார்கள். உண்மையில் நான் சுட்டுக்கொண்டிருந்தது என் சொந்தப் பிழைப்பை.

அதற்கு முன்பு நான் ஸ்டோரில் இருந்தவன். ஸ்டோர் என்றால் தோட்டத்தில் கடை அல்ல, தேயிலைத் தொழிற்சாலை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை மேல்மாடித் தட்டுகளில் பரப்பி, காற்று விட்டு, சூடு விட்டு வாட்டுவது என் வேலை. அந்த வேலையில் மனிதனுக்கு எதிரி ஒன்றுதான். ஈரம். கொழுந்தில் ஈரம் நின்றால் திட்டு, ஈரம் போனால் நிம்மதி. வருடக்கணக்கில் அப்படியே இருந்து, கடைசியில் ஈரத் துணியைக் கண்டால்கூட முறைக்கிற மனிதனாகிவிட்டேன். பிறகு ஒருநாள் மாடிப்படியில் சறுக்கி விழுந்து இடது தோள் நழுவியது. பொருத்தினார்கள். அது பொருந்திய மாதிரி நடித்தது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவனுக்கு மாடியில் என்ன வேலை? லேசான வேலை என்று தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் பங்களாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் மனைவி துரைசாணியின் கண்ணாடி வீடு இருந்தது. கார்னேஷன், ரோஜா, அப்புறம் காதில் தொங்கும் ஜிமிக்கி மாதிரிப் பூக்கிற ஒரு செடி. அதற்குத் துரைசாணி சொல்லும் பெயர் என் வாயில் நுழையாது. நானும் தொழிலாளர் லயத்துப் பெண்களும் ஜிமிக்கிச் செடி என்றே சொல்வோம். பங்களாக் கூடத்தில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கும் பனைத் தொட்டிகளும் என் பொறுப்பு.

அந்த வருடம் துரைசாணி சீமைக்குப் போனார். வண்டி புறப்பட்டதும் துரை என் பக்கம் திரும்பி, துரைமார் தமிழில் சுருக்கமாக முடித்தார்.

"அம்மா கச்சான் முடிஞ்சு வாறது. பூ இருக்க வேணும். பூ இல்லே, நீயும் இல்லே."

நீயும் இல்லே என்றால் செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் பெயர் வெட்டு. பெயர் போனால் காம்பிராவும் போகும். லயத்தில் நானும் மனைவியும் குடியிருந்த அந்த ஓர் அறையைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தானா என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தியாவிலும் எங்களை யாரும் தேடவில்லை. இந்தப் பூமியில் என் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் தோட்டத்துச் செக்ரோல்தான். அந்தப் பெயரைத்தான் துரை கார்னேஷன் காம்பில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்.

சரி, அடுப்புக்கு வருகிறேன்.

முதலில் கார்னேஷன் இலைகளில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. யாரோ ஊசியால் குத்தி விளையாடிய மாதிரி. பிறகு இலை முழுதும் மங்கி, துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்தது. அதைப் பார்த்ததும் என் மனம் நேராகத் தேயிலை மலைக்கு ஓடியது. அதற்குச் சில வருடங்கள் முன்புதான் தேயிலையில் கொப்புள நோய் வந்து தோட்டம் தோட்டமாகக் கலங்கடித்திருந்தது. மழையும் மூடுபனியும் நின்றால் கொப்புளம். அதனால் வெயில் விழட்டும் என்று நிழல் மரங்களையே வெட்டினார்கள். இலையில் புள்ளி என்றால் ஈரத்தின் வேலை, ஈரத்தை விரட்டினால் நோய் ஓடும். ஸ்டோர் மனிதனுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?

தண்ணீரைக் குறைத்தேன். கூரை ஜன்னல்களையும் பக்கத்துப் பலகைகளையும் திறந்து கச்சானுக்கு வழிவிட்டேன். அதுவும் போதாது என்று கரி அடுப்பு. பங்களாக் கூடத்துப் பனைத் தொட்டிகளைக் கணப்புக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினேன். ஸ்டோரில் இருந்திருந்தால் அன்றைய வாட்டுக்குப் பாராட்டே வாங்கியிருப்பேன்.

புள்ளி பெருகியது. நான் இன்னும் காயவைத்தேன். இலைகளுக்கு நடுவே மெல்லிய வலை படர்ந்தது. அதைக் கண்டு சந்தோஷப்பட்டவனும் நான்தான். சிலந்தி வந்துவிட்டது, பூச்சி ஏதும் இருந்தால் பிடித்துத் தின்னும் என்று வலைகளைக் கலைக்காமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது மட்டுமா, அவன் படுக்கப் பாயும் விரித்த கதை.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயா வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்குப் பூக் கேட்டு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்பட்டாலும் சட்டைப் பொத்தான் கழலாத மனிதர். அன்று வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்தினார்.

"என்னடாப்பா, சுடலை மாதிரி வைச்சிருக்கிறாய்?"

"வைத்தியம் நடக்குதுங்க ஐயா."

"ஆருக்கு? செடிக்கோ உனக்கோ?"

"கொப்புள நோய்ங்க. ஈரத்தை வாங்கிக்கிட்டு இருக்கேன்."

அவர் ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து இலைக்குக் கீழே பிடித்து, காம்பைச் சுண்டினார். தாளில் மிளகாய்த்தூள் மாதிரி ஏதோ விழுந்தது.

"இஞ்ச பார். இது நோயில்லை, சிவப்புச் சிலந்தி. எங்கட ஊரில மிளகாய்க் கண்டில வாற பூச்சிக்கு இது தம்பி முறை. சூடும் வறட்சியும் எண்டால் இதுக்குக் கலியாண வீடு. நீ அடுப்பும் மூட்டிக் குடுத்திருக்கிறாய்."

"அது தூசிங்க ஐயா."

"தூசி நடக்குமோ?"

பார்த்தேன். நடந்தது. ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், அவசரமில்லாமல், சந்தைக்குப் போகிற மாதிரி நடந்தன. ஆனால் அவர் சொல்லி நான் ஒப்புக்கொள்வதா? பேனா பிடிக்கிறவர் இலையைப் பற்றிப் பேச, வருடக்கணக்கில் இலையோடு கிடந்தவன் தலையாட்டுவதா?

"கச்சான் காத்து மனுசனையே தள்ளிக்கிட்டுப் போகுதுங்க. தூசி நடக்காதுங்களா?"

அவர் தாளை மடித்து, மடித்த தாளை நசுக்கி, பூவும் வாங்காமல் திரும்பினார். போகும்போது சொன்னார்: "துரைக்குத் தெரிஞ்சால் எல்லாத்தையும் புடுங்கி எரிக்கச் சொல்லுவார். நானாப் போய்ச் சொல்லமாட்டன். கேட்டால் மறைக்கவும் மாட்டன்."

அவர் தலை மறைந்ததும் நான் ஒவ்வொரு இலையாகப் புரட்டினேன். எல்லா இலைக்கும் அடியில் சந்தை கூடியிருந்தது. அப்படியே தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த வைத்தியங்களை வரிசையாகச் சொன்னால் வாசிக்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். ஒன்றிரண்டு சொல்கிறேன். என் மனைவி கொழுந்து பறிக்கிறவள். மலையில் நிற்கும்போது வெற்றிலைக்கு வைத்துக்கொள்ளும் புகையிலை முடிச்சை எடுத்து ஊறவைத்துச் செடிக்குத் தெளித்தேன். அன்று மாலை காம்பிராவில் விசாரணை.

"ஏங்க, என் பொகையிலைய எங்க?"

"செடிக்குப் போட்டேன்."

"செடி வெத்தல போடுதாக்கும்? சுண்ணாம்பு குடுத்தீங்களா, இல்ல அதையும் நான் வந்து தடவி விடணுமா?"

புகையிலைத் தண்ணீரில் சிலந்திகள் கொஞ்சம் தள்ளாடின. பிறகு பழகிக்கொண்டன. அடுத்தது டி.டி.டி. மலேரியாவுக்கு லயம் லயமாக மருந்தடிக்க வந்தவர்களிடம் கெஞ்சிக் கொஞ்சம் வாங்கி வந்தேன். அந்த நாட்களில் தலைவலிக்குக்கூட அதைத்தான் அடிக்கலாமா என்று யோசிப்பார்கள். அடித்த மறுநாள் காலை தரையில் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. சிலந்தியைத் தின்று கொஞ்சமாவது எனக்கு உதவிக்கொண்டிருந்த பிராணிகள் அவைதான் என்பது பின்னால்தான் தெரிந்தது. சிலந்திகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காவல்காரர் ஒழிந்த சந்தோஷத்தில் புது வலை பின்னின. மருந்து நெடியில் எனக்குத்தான் வாந்தி.

கண் திறந்தது குழாயடியில். கண்ணாடி வீட்டின் மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. மலை உச்சி ஓடையிலிருந்து பங்களாவுக்கு வரும் தண்ணீர். கோடையிலும் வற்றாது. அந்தக் குழாயின் மூட்டில் ஓர் ஒழுக்கு. ஈரத்தின் எதிரியான நான் அதற்குக் கந்தல் சுற்றி, சாக்குச் சுற்றி, கடைசியில் என் பழைய வேட்டியையும் சுற்றியும் அது நிற்கவில்லை. மூட்டிலிருந்து தெறித்த தண்ணீர் பக்கத்தில் இருந்த ஜிமிக்கித் தொட்டிகள் மேல் சதா தூறிக்கொண்டிருந்தது. கைகழுவப் போனவன் அந்த இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். வலை இல்லை. சந்தை இல்லை. என் வைத்தியம் எட்டாத அந்த ஒரு மூலையில் மட்டும் செடி பச்சையாக, கொழுகொழுவென்று நின்றது.

கிளாக்கர் ஐயா சொன்னது சரி. இதை ஒத்துக்கொள்ள எனக்கு அரை நாள் ஆனது. அந்த அரை நாளும் அவரைத் திட்டிக்கொண்டே அடுப்பை வெளியே தூக்கிப் போட்டு, ஜன்னல்களை மூடி, தரையெல்லாம் தண்ணீர் இறைத்தேன். ஸ்டோரில் என்னோடு இருந்தவர்கள் பார்த்திருந்தால் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

ஆனால் தரையை நனைத்தால் போதாது. சிலந்தி இருப்பது இலைக்கு அடியில். ஒவ்வோர் இலையையும் புரட்டி, துடைத்து, கழுவ வேண்டும். முட்டைகள் மிஞ்சும், அவை பொரிக்கும், மறுபடி கழுவ வேண்டும். கண்ணாடி வீடு நிறையச் செடி. எனக்கு இருப்பது ஒன்றரைக் கை.

தொட்டியொன்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி எனக்குச் சோறு கொண்டுவந்தாள். ஒழுகி ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"லயத்துப் பீலியில சொட்டுச் சொட்டா வருது. கொடத்த வச்சுட்டு வரிசையில நின்னு சண்டை போடுறோம். பச்சப் புள்ளக்காரி புள்ளயக் கழுவத் தண்ணியில்லாம நிக்கிறா. இங்க நீங்க இலைக்குக் குளிப்பாட்டி விடுறீங்க. மஞ்சளும் தேச்சு விடுங்க."

பீலி என்பது மலைச்சரிவிலிருந்து தகரத் தகட்டில் வடிந்து விழும் தண்ணீர். லயத்துக்கு அது ஒன்றுதான். கச்சானில் அது நூலாக இளைத்துவிடும். பங்களா வளவுக்குள் லயத்து ஆட்கள் வரக்கூடாது என்பது துரையின் சட்டம். குழாய் பக்கத்தில் இருந்தும் எங்கள் பெண்களுக்கு அது சீமையில் இருப்பது போலத்தான்.

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். என்னிடம் தண்ணீர் இருக்கிறது, கை இல்லை. லயத்தில் கை இருக்கிறது, தண்ணீர் இல்லை.

"ஏ புள்ள, சாயந்திரம் கொழுந்து நிறுத்துட்டு எல்லாரையும் கொடத்தோட வரச் சொல்லு. துணி இருந்தாலும் கொண்டாரச் சொல்லு. போகும்போது ஆளுக்கொரு பெஞ்சுச் செடிய கழுவிட்டுப் போகட்டும்."

"தொரைக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என் பேரு போகும். செடி செத்தாலும் என் பேரு போகும். ஒரு பேரு ரெண்டு தடவையா போகும்?"

சொன்ன வேகத்துக்குச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவள் முதுகில் தட்டினாள், தேவைக்கு மேலேயே பலமாக.

வந்தார்கள். வேலி ஓரமாக, குடங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் வந்தார்கள். உள்ளே வந்ததும் அந்த அடக்கம் காணாமல் போனது. முன்னால் வந்தவர் எங்கள் அடுத்த காம்பிரா அக்கா. தோட்டத்தில் கங்காணிக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். கங்காணிதான் அவருக்குப் பயப்படுவார்.

"தம்பி, இந்தக் கண்ணாடிக்குள்ள நம்மள வச்சா நல்லா காய்க்குமாடா?"

துணி துவைத்தார்கள். சவுக்கார நுரையில் நிறையத் தண்ணீர் கலந்து, அதில் கந்தலை நனைத்து இலையின் அடியைத் துடைத்தார்கள். பிறகு நல்ல தண்ணீரால் அலசினார்கள். முதல் நாள் நுரையைக் கலக்காமல் அப்படியே பூசி ஒரு பெஞ்சுச் செடி கருகியது என் புத்திசாலித்தனம். நல்ல செடியில் தொடங்கி நோய்ச் செடியில் முடிப்பது, முடித்த கையையும் முந்தானையையும் கழுவாமல் அடுத்ததைத் தொடாமல் இருப்பது, மிக மோசமான கிளைகளை வெட்டி எரிப்பது, இதெல்லாம் என் மனைவியின் ஆட்சி. மலையில் கங்காணியிடம் வாங்கியதையெல்லாம் அவள் அங்கே வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள்.

"ஏய், அடிய தொடைக்கச் சொன்னா மேலயே தடவிக்கிட்டு நிக்கிறியே! எலைக்கு என்ன, பவுடரா போடுற?"

பங்களாக் கூடத்துப் பனைத் தொட்டிகளையும் கணப்பு அடியிலிருந்து இழுத்து வந்து கழுவினோம். சந்தை குறைந்தது. ஒருநாள் வெள்ளைத் தாள் பிடித்துக் காம்பைச் சுண்டினேன். விழுந்தவை எல்லாம் உண்மையிலேயே தூசி. தூசி நடக்காததைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் இருக்க மாட்டான்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் மாலை வரைதான். கார்னேஷன் பெஞ்சுப் பக்கம் போனேன். செடி இருக்கிறது, நுனி இல்லை. மொட்டு விடவேண்டிய இளம் நுனிகள் ஒன்றுகூட இல்லை. ஜிமிக்கிச் செடியிலும் அப்படியே. அக்காவின் மடியைப் பார்த்தேன். அதற்குள் அத்தனையும் சுத்தமாக, ரெண்டு இலையும் ஒரு குருத்துமாக இருந்தன. துரை பார்த்திருந்தால் நல்ல கொழுந்து என்று தூக்கித் தராசில் நிறுத்திருப்பார்.

"என்னக்கா செஞ்சீங்க!"

அக்கா மடியைப் பார்த்தார். உண்மையில் அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அட, கை தானா போயிருச்சு தம்பி. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கிள்ளுற கை. செடிய கண்டா கிள்ளும். நீ வேணும்னா கையோட பேசிப் பாரு."

சுற்றிப் பார்த்தால் எல்லார் மடியிலும் இருந்தது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, இலையைத் துடைத்த கையோடு நுனியையும் கிள்ளி மடியில் போட்டிருக்கிறார்கள். பங்களாக் கூடத்துப் பனை பிழைத்தது அதற்குக் கிள்ள நுனி இல்லாததால்தான். நான் அங்கிருந்த காலிப் பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டேன். பூ இல்லே, நீயும் இல்லே. துரையின் குரல் கண்ணாடிக் கூரையிலிருந்து கேட்டது.

மனைவி வந்து தலைமாட்டில் நின்றாள். "எந்திரிங்க. கவாத்து வெட்டுன தேயில தழைக்கலையா? ஒரு கொப்ப வெட்டினா நாலு கொப்பு வருது. இதுவும் செடிதான?"

"பூ வேணும்டி. கொப்பு வேணாம்."

"கொப்பு வந்தா பூ எங்க போகும்? மொதல்ல பெஞ்ச விட்டு எறங்குங்க, செடி வைக்கணும்."

நுனி போன செடிகள் சில நாள் மொட்டைத் தலையோடு நின்றன. பிறகு கணுவுக்குக் கணு துளிர்விட்டுப் புதராகத் தடித்தன. பார்க்க அழகு. ஆனால் பூ ஒன்றுமில்லை. பூவைக் கேட்க வருகிறவரிடம் புதரைக் காட்டி என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது கிளாக்கர் ஐயா அவசரமாக வந்தார்.

"நாளைக்குப் பின்னேரம் துரை இஞ்ச வாறார். அம்மாவின்ரை கப்பல் முந்தி வருதாம். பெண்டுகள் வாறது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நாளைக்கு ஒருத்தரையும் கூப்பிடாதை. விளங்குதோ?"

விளங்கியது. இவ்வளவு புத்தியான யோசனையை நான் அந்த வருடம் கேட்கவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. பீலிகிட்டதான் எல்லாம் நிக்கிறாங்க."

போனேன். அன்று பீலியில் தண்ணீர் அறவே நின்றிருந்தது. தகட்டுக்குக் கீழே குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் சண்டைகூடப் போடவில்லை. பச்சைப் பிள்ளைக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வறண்ட தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நாளைக்கு வராதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனவே வாங்க," என்றது வாய்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாயைத் திட்டிக்கொண்டே வந்தேன். என்றாலும் போய் மாற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அந்த மலையில் சுரக்கிற தண்ணீருக்கு எந்தத் துரை விதை போட்டார்?

மறுநாள் துரை வந்தபோது கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெளியே நின்று கையால் கண்ணாடியைத் துடைத்தார். அந்தத் துடைத்த வட்டத்துக்குள் முதலில் தெரிந்தது அக்காவின் முகம். கதவு திறந்தது. உள்ளே பத்திருபது பெண்கள், குடங்கள், கொடியில் ஈரச் சேலைகள், பெஞ்சின் மேல் குளித்து முடித்துத் தலை துவட்டாத ஒரு பச்சைப் பிள்ளை. துரைக்குப் பின்னால் கிளாக்கர் ஐயா நின்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் அச்சிடமாட்டார்கள்.

"என்னா இது?"

"பெரட்டுங்க தொரை," என்றேன். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் கூட்டத்துக்குத்தான் பெரட்டு என்று பெயர். பயத்தில் வேறு சொல் வரவில்லை.

"என்னா பெரட்டு? யார் உத்தரவு?"

"பூச்சி கழுவுற பெரட்டுங்க. செகப்புச் சிலந்தி வந்துச்சு. இப்ப இல்லீங்க."

துரை கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார். ஐயா மெல்லச் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். ஓர் இலைக்குக் கீழே பிடித்துச் சுண்டினார். நான் அருகில் நின்றதால் தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி தாளின் நடுவில் விழுந்து, நிதானமாகத் துரையை நோக்கி நடந்தது. ஐயாவின் கட்டைவிரல் தாளைச் சரியாகப் பிடிப்பது போல அதன் மேல் அமர்ந்தது.

"ஒன்றும் இல்லை, சேர்," என்றார், முகத்தில் ஒரு மயிர்கூட அசையாமல்.

துரை பெஞ்சுகளைச் சுற்றி நடந்தார். "பூ எங்கே?"

நான் ஒரு கார்னேஷன் புதரை விலக்கிக் காட்டினேன். கிளைக்குக் கிளை கடுகளவில் பச்சை மொட்டு இருந்தது. "வருதுங்க. ஒரு பூ வர்ற எடத்துல நாலு வருதுங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது. நான் மூச்சு விட்டேன். அத்தோடு வாயை மூடியிருந்தால் எல்லாம் சுபம்.

"சரி. பூச்சி போனது. பொம்பளை எல்லாம் வெளியே. குழாய் பூட்டு போடு."

அக்கா குடத்தை இடுப்புக்கு ஏற்றினார். பச்சைப் பிள்ளைக்காரி பிள்ளையை எடுத்தாள். அப்போது யாரோ, "முடியாதுங்க தொரை," என்று சொன்ன சத்தம் கேட்டது. யாரடா அந்தப் பைத்தியக்காரன் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சொல்லை அந்தத் துரையிடம் அதற்கு முன்பு யாரும் சொன்னதில்லை. அவருக்கே அதன் பொருள் தெரிய ஒரு கணம் பிடித்தது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. எனக்கோ வேட்டி அவிழ்கிறதோ என்று பயம். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். இனிப் பேசினாலும் போச்சு, பேசாவிட்டாலும் போச்சு. போவதென்றால் பேசிவிட்டே போகலாம்.

"முட்டை இருக்குங்க தொரை. கண்ணுக்குத் தெரியாது. காஞ்சா பொரிக்கும். இவங்க வந்தாத்தான் தரையும் இலையும் ஈரமா இருக்கும். எனக்கு ஒத்தக் கை, என்னால ஆகாது. கொழாய பூட்டணும்னா பூட்டுங்க. பேர வெட்டணும்னா வெட்டுங்க. ஆனா அம்மா வரும்போது பூ எங்கன்னு என்னைக் கேக்காதீங்க, பூட்டைக் கேளுங்க."

கடைசி வார்த்தை எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. பிள்ளை மட்டும் ஏப்பம் விட்டது.

துரை மொட்டைப் பார்த்தார், கொடியில் தொங்கிய சேலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிளாக்கர் ஐயா ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அதில் கப்பலைக் குறிக்கும் சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"அம்மா வாற வரைக்கும்," என்றார் துரை. கதவு வரை போய்த் திரும்பினார். "பூ இல்லே..."

"நானும் இல்லேங்க," என்றேன்.

அவர் போனதும் மனைவி ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். எதற்கு என்று கேட்டேன். "நடுங்குறீங்க, காய்ச்சலாக்கும்னு நெனச்சேன்," என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது.

துரைசாணி வந்தபோது மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கியிருந்தன. அடுத்து வந்த வாரங்களில் ஜிமிக்கிச் செடிகள் கல்யாணப் பெண்ணாட்டம் தொங்கத் தொங்கப் பூத்தன. யார் இவ்வளவு அழகாக நுனி கிள்ளியது என்று துரைசாணி கேட்டார். தெரியாமல் நடந்ததுங்க என்றேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். செக்ரோலில் என் பெயர் நின்றது.

மழை வந்தது. பீலி நிரம்பியது. பெண்களும் வருவதை நிறுத்தினார்கள். அடுத்த கச்சானில் பீலி மறுபடி இளைத்தபோது துரையிடம் போய்ப் பெண்களை அழைக்கவா என்று கேட்டேன். பூச்சி இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றார். உண்மை பேசியதற்குக் கிடைத்த கூலி அது. வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய், சிவப்புச் சிலந்தி அப்பியிருந்த ஒரு ரோஜாச் செடியை வேரோடு கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன அது என்று கேட்டார். மாப்பிள்ளை என்றேன்.

அதைக் கண்ணாடி வீட்டில் வைக்கவில்லை. கரிக் கொட்டகையின் பின்புறம், தண்ணீர் நிறைந்த அகலத் தட்டுக்கு நடுவில் கல் வைத்து, கல்லின் மேல் தொட்டியை வைத்தேன். தண்ணீரைத் தாண்டி அவை வராது. அதை மட்டும் கழுவுவதில்லை. காயவிட்டு, நன்றாகத் தின்னவிட்டு வளர்த்தேன். கொண்டுவந்த மறுநாளே, எந்தச் செடி என்று சொல்லாமல், துரைசாணியின் முன்னால் அதன் இலை ஒன்றைப் புரட்டிக் காட்டினேன். அவர் போட்ட கூச்சல் லயம் வரை கேட்டதாம். அன்று மாலையே பெண்கள் குடத்தோடு வந்தார்கள்.

பிறகு அந்தத் துரை போனார், இன்னொருவர் வந்தார், அவருக்குப் பின் இன்னொருவர். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கச்சான் காலத்தில் குழாய்க்குப் பூட்டுப் போடச் சொல்வார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் என் வளர்ப்புப் பிள்ளைகளிடம் ஓர் இலை வாங்கிக்கொண்டு பங்களா வாசலில் நிற்பேன். தெரிந்துபோனால் என்ன செய்வீங்க என்று மனைவி கேட்பாள். தெரிந்தால் தெரியட்டும், அடுத்ததாக வேறு பூச்சி வளர்ப்பேன் என்பேன்.

இந்த ஆடியிலும் இலையோடு போய் நின்றேன். குழாய் திறந்துதான் இருக்கிறது.